பொய்ச் சண்டை, மெய்ச் சுரண்டல்

டெலிவிஷனில் குஸ்தி பார்க்கிற வீட்டில் ஒரு வாதம் நடக்காமல் இராது. "இதெல்லாம் நிஜ அடியா, வெறும் நடிப்பா?" என்று பெரியவர் கேட்பார். "நிஜந்தான் தாத்தா, ரத்தம் வருகிறதே!" என்பான் பேரன். தாரா சிங், கிங்காங் பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் இந்த வாதத்தைச் செய்தது. பயில்வான் படம் போட்ட சீட்டுகளை வைத்து விளையாடிய 1990-களின் பிள்ளைகளும் இதையே செய்தார்கள்.

விடை தெரிந்து வெகுகாலமாயிற்று. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் கோதாவில் இறங்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. குஸ்திக் கம்பெனி முதலாளிகளே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால், எப்போது ஒப்புக்கொண்டார்கள்? எதற்காக ஒப்புக்கொண்டார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1989 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாண சட்டசபை முன் உலகக் குஸ்திச் சம்மேளனம் என்ற கம்பெனி ஒரு வாக்குமூலம் கொடுத்தது. "எங்களுடையது போட்டி விளையாட்டு அல்ல, ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு" என்பது அதன் சாரம். எத்தனையோ வருஷமாக "நிஜம், நிஜம்" என்று சத்தியம் செய்தவர்களுக்குத் திடீரென்று உண்மை பேசும் ஆசை வந்துவிட்டதா? அதுதான் இல்லை! விளையாட்டுப் போட்டி என்றால் சர்க்காரின் விளையாட்டுக் கமிஷன் மேற்பார்வை உண்டு, லைசென்ஸ் உண்டு, டாக்டர் பரிசோதனை உண்டு, ஒளிபரப்பு வரவில் வரி உண்டு. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் இவையெல்லாம் தொலையும். வரி மிச்சமானால் முதலாளிக்கு உண்மையும் கசக்காது.

ஆகவே, "சண்டை நிஜமா?" என்ற கேள்வியை ஒதுக்கி வைப்போம். சண்டையை நடத்துகிறவன் யார், அடிபடுகிறவன் யார், பணம் யார் பையில் விழுகிறது என்று கேட்போம். இதற்கு விடை தேடினால் ஒரு தொழிலின் நூறு வருஷச் சரித்திரமே கண்முன் வரும். போட்டி எப்படி ஏகபோகமாக மாறுகிறது, உழைக்கிறவனைத் தொழிலாளியே அல்ல என்று எப்படிச் சாதிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

திருவிழாக் கொட்டகையிலிருந்து

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகும் திருவிழாக் கூட்டங்கள் இருந்தன. ராட்டினம், சர்க்கஸ், வேடிக்கைக் கொட்டகை இவற்றோடு ஒரு பயில்வானையும் கூட்டிப் போவார்கள். "இவனோடு இத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தால் பரிசு!" என்று கூவுவார்கள். உள்ளூர் இளைஞன் சட்டையைக் கழற்றுவான். ஊரே அவன்மீது பந்தயம் கட்டும். பயில்வான் எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது மடக்குவது என்பதெல்லாம் கொட்டகைக்காரனின் கணக்கு. ரகசியத்தைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் சட்டமாயிற்று.

1920-களில் இந்தத் தொழில் பெரிய நகரங்களின் மண்டபங்களுக்கு ஏறியது. 'ஸ்ட்ராங்லர்' என்று பட்டம் பெற்ற எட் லூயிஸ் என்ற பயில்வான், அவருடைய மானேஜர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூளைக்காரர் ஆகிய மூவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். மணிக்கணக்கில் தரையில் கட்டிப் புரளும் பழைய குஸ்தி டிக்கெட் விற்க உதவாது என்று கண்டுகொண்டார்கள். நேர அளவு வைத்தார்கள். வேகமான பிடிகளையும் குத்துச்சண்டை வித்தைகளையும் கலந்தார்கள். பயில்வான்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஒரே கோஷ்டியை ஊர் ஊராகச் சுற்றவிட்டார்கள். நம் ஊரில் நாடகக் கம்பெனி எப்படியோ, அப்படி. பயில்வான் நடிகனானான்; கொட்டகைக்காரன் முதலாளியானான்.

பெண் பயில்வான்களின் நிலை இன்னும் மோசம். 1930-களிலும் 40-களிலும் மில்ட்ரெட் பர்க் என்ற பெண்மணி அமெரிக்கா முழுவதும் பேர் பெற்ற சாம்பியன். அவருடைய கணவர் பில்லி உல்ஃப்தான் பெண்கள் குஸ்திக்கு முதலாளி. வெளியூர் போகும் ஒவ்வொரு பெண்ணின் சம்பாத்தியத்திலும் அவருக்குப் பங்கு. பின்னால் 'மூலா' என்ற பெயரில் பிரசித்தி பெற்ற பெண் சாம்பியன் அதே வழியைப் பிடித்தார். தான் பயிற்சி கொடுத்து அனுப்பிய பெண்களின் கூலியிலிருந்து கமிஷன் எடுத்துக்கொண்டார். ஆக, ஏறி மிதிக்கப்பட்டவளே மேலே ஏறியதும் மிதிக்க ஆரம்பித்தாள். தனி மனிதரின் குணம் மட்டுமா இது? தொழிலின் அமைப்பே அப்படி!

நாட்டைப் பங்கு போட்ட ஓட்டல் கூட்டம்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு டெலிவிஷன் வந்தது. படம் பிடிக்கச் சுலபமானது குஸ்தி. ஒரு கோதா, இரண்டு காமிரா போதும். மார்க்கெட் பெருகியது. மார்க்கெட் பெருகும்போது முதலாளிகள் என்ன செய்வார்கள்? ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். அல்லது உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வார்கள்.

1948 ஜூலையில் அயோவா மாகாணத்து வாட்டர்லூ நகரில், ஓர் ஓட்டலில், அமெரிக்காவின் நடு மாகாணங்களைச் சேர்ந்த சில குஸ்தி முதலாளிகள் கூடினார்கள். தேசியக் குஸ்திக் கூட்டணி பிறந்தது. சீக்கிரத்திலேயே நாட்டின் மற்றப் பகுதி முதலாளிகளும் வந்து சேர்ந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து சாம் மஷ்னிக் என்பவர் வெகுகாலம் இதன் தலைவராக இருந்தார்.

கூட்டணியின் விதி எளிது. நாட்டைப் பிரதேசங்களாக வெட்டிக்கொள்வது. ஒருவர் பிரதேசத்தில் இன்னொருவர் கால்வைக்கக் கூடாது. உள்ளூரில் வேறு எவனாவது போட்டியாகக் கொட்டகை போட்டால், எல்லோரும் சேர்ந்து பெரிய பயில்வான்களை அங்கே இறக்கி அவனை ஒழிப்பது. அவனுக்காக வேலை செய்த பயில்வானின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றுவது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியவனுக்கு நாடு முழுவதும் வேலை கிடையாது. உலகச் சாம்பியன் ஒருவரே. அவரை எந்த ஊருக்கு எப்போது அனுப்புவது என்பதைக் கூட்டணி தீர்மானிக்கும். சாம்பியன் சொன்னபடி தோற்க மறுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக அவரிடமே ஜாமீன் பணம் வாங்கி வைத்துக்கொண்டார்கள்! 1963-ல் பட்டி ராஜர்ஸ் என்ற சாம்பியன் பட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கியபோது, அவர் கட்டியிருந்த 25,000 டாலர் திரும்பாது என்று மிரட்டித்தான் கோதாவில் ஏற்றினார்கள்.

தொழிலாளியிடம் ஜாமீன் வாங்கி வேலைக்கு வைப்பதும், கறுப்புப் பட்டியல் போட்டுப் பட்டினி போடுவதும் நாம் காணாததா? தோட்டத் துரைகள் செய்ததையே குஸ்தித் துரைகளும் செய்தார்கள். அங்கே கங்காணி, இங்கே ஆட்டத்தை நிர்ணயிக்கும் ஏஜெண்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்திலும் இதே கதை. 1952-ல் அங்கே பெரிய குஸ்தி முதலாளிகள் ஜாயிண்ட் புரமோஷன்ஸ் என்ற கூட்டைக் கட்டினார்கள். 1955-லிருந்து தனியார் டெலிவிஷனில் குஸ்தி வந்தது. காட்டப்பட்டது இந்தக் கூட்டின் குஸ்தியே. பிற்காலத்தில் அந்தக் கூட்டு குதிரைப் பந்தய வியாபாரிகள் கைக்குப் போயிற்று. 1988-ல் டெலிவிஷன் கம்பெனி குஸ்தியை நிறுத்தியது. ஒரே வாசலை நம்பிப் பிழைத்த பயில்வான்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

காகிதத்தில் ஒரு வைத்தியம்

அமெரிக்க சர்க்கார் சும்மா இருந்ததா? இல்லை. ஏகபோகத்தை எதிர்க்கும் சட்டம் அந்த நாட்டில் 1890-லிருந்து இருக்கிறது. கறுப்புப் பட்டியலால் பாதிக்கப்பட்டவர்களும் கூட்டணியில் இடம் கிடைக்காத சிறு முதலாளிகளும் புகார் செய்தார்கள். நீதி இலாகா விசாரித்தது. 1956 அக்டோபரில் அயோவா பெடரல் கோர்ட்டில் வழக்குத் தாக்கலாயிற்று. கூடவே சமரசத் தீர்ப்பும் வந்தது. பிரதேசம் பிரிக்க மாட்டோம், கறுப்புப் பட்டியல் போட மாட்டோம் என்று கூட்டணி கையெழுத்துப் போட்டது. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

பிறகு? சாம் மஷ்னிக் மேலும் பல வருஷம் தலைவராக இருந்தார். பிரதேசங்கள் பிரதேசங்களாகவே இருந்தன. சட்டம் ஏட்டில் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அந்தத் தீர்ப்பு ஏன் பலிக்கவில்லை? வழக்கு முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான வியாபார ஒழுங்கைப் பற்றியது. பயில்வானுக்குச் சங்கம் இல்லை. தீர்ப்பு மீறப்படுகிறதா என்று அன்றாடம் கண்காணிக்கவும், மீறினால் வேலை நிறுத்தம் செய்யவும் ஆளில்லை. உழைக்கிறவனின் ஸ்தாபனம் காவல் நிற்காவிட்டால் நல்ல தீர்ப்பும் வெறும் காகிதமே.

பெரிய மீன்

கூட்டணியைக் கடைசியில் உடைத்தது சட்டமல்ல, பெரிய மூலதனம்.

நியூயார்க் பிரதேசம் மக்மான் குடும்பத்தின் கையில் இருந்தது. 1963-ல் இவர்கள் கூட்டணியை விட்டு விலகித் தனிக் கடை போட்டார்கள்; பின்னால் திரும்பியும் வந்தார்கள். 1982-ல் மகன் வின்ஸ் மக்மான், தந்தையிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் கம்பெனியைச் சுமார் 10 லட்சம் டாலருக்குத் தவணை முறையில் வாங்கினார். 1983-ல் கூட்டணிக்கு முழுக்குப் போட்டார். பிரதேச எல்லை என்ற பேச்சை அவர் மதிக்கவில்லை. கேபிள் டெலிவிஷன் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. ஒரே கம்பெனியின் குஸ்தியை எல்லா மாகாணத்திலும் காட்ட முடியும் என்று கண்டார். அடுத்தவர்களின் பேர் பெற்ற பயில்வான்களை அதிகப் பணம் காட்டி இழுத்தார். அடுத்தவர்களின் டெலிவிஷன் நேரத்தை விலைக்கு வாங்கினார். 1984 ஜூலை 14 அன்று, ஜார்ஜியா மாகாணத்து ரசிகர்கள் டெலிவிஷனைத் திருப்பினால் பழகிய உள்ளூர்க் குஸ்தி இல்லை; மக்மானின் குஸ்தி ஓடிக்கொண்டிருந்தது. கடை கைமாறிய சேதி பார்ப்பவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

1985 மார்ச் 31-ல் நியூயார்க்கில் முதல் 'ரெஸில்மேனியா' நடந்தது. ஊர் ஊராக மண்டபங்களில் திரை கட்டிக் காசு வாங்கிக் காட்டினார்கள். ஹல்க் ஹோகன் பெயர் வீட்டுக்கு வீடு அடிபட்டது. பிரதேச முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தினார்கள்.

எதிர்த்து நின்றது யார்? இன்னொரு பெரிய மூலதனம்! டெலிவிஷன் அதிபர் டெட் டர்னர் 1988-ல் தென் மாகாணத்துக் குஸ்திக் கம்பெனி ஒன்றை வாங்கினார். 1995-லிருந்து 2001 வரை திங்கட்கிழமை இரவுகளில் இரண்டு கம்பெனிகளும் மோதின. இந்தச் சில வருஷங்களில் மட்டும் பயில்வான்களின் ஊதியம் ஏறியது. இரண்டு எஜமானர்கள் ஏலம் கேட்டால் கூலி ஏறும். ஒருவரே மிஞ்சினால் இறங்கும். டர்னரின் கம்பெனி பெரிய இணைப்பு ஒன்றில் மாட்டி, புது அதிபர்களுக்குக் குஸ்தி வேண்டாததாயிற்று. 2001 மார்ச்சில், பல கோடி புரண்ட அந்தக் கடையின் பெயரையும் படச்சுருள்களையும் மக்மான் 50 லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கினார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்! அன்றிலிருந்து வெகுகாலம் அமெரிக்கப் பயில்வானுக்குப் பெரிய எஜமானன் ஒருவனே.

இப்போது சில ரசிகர்கள், "பழைய பிரதேச முதலாளிகள் காலம் பொற்காலம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். வேண்டாம் இந்த மயக்கம்! சின்ன மீன்கள் பெரிய மீனுக்கு இரையானதற்காகச் சின்ன மீனை யோக்கியன் என்று சொல்லிவிட முடியாது. கறுப்புப் பட்டியல் போட்டவர்கள் அந்தச் சின்ன மீன்களே.

சங்கம் என்ற ஒரே ஒரு சொல்

1985 நவம்பரில் வெண்டி ரிக்டர் என்ற இளம் பெண் சாம்பியன் தன் ஊதியம் குறித்து கம்பெனியோடு வாதாடிக்கொண்டிருந்தார். நியூயார்க் கோதாவில் முகமூடி அணிந்த ஒரு பெண் எதிரே வந்தாள். சொல்லிவைத்தபடி ஆட்டம் நடக்கவில்லை. ரிக்டரின் தோள்கள் தரையில் பட்டு முடியுமுன்பே நடுவர் எண்ணி முடித்துவிட்டார்; பட்டம் போயிற்று. முகமூடிக்குள் இருந்தது பழைய மூலா! ரிக்டர் அன்றே வெளியேறினார். ஜனங்கள் முன்னால் நடந்த சண்டை பொய். முதலாளி தொழிலாளியை அந்த மேடையிலேயே ஏமாற்றியது மெய்.

அடுத்த ஆண்டு, 1986 ஏப்ரலில், இரண்டாவது ரெஸில்மேனியா நெருங்கியது. ஜெஸ்ஸி வென்சுரா, முன்னாள் பயில்வான், அப்போது வர்ணனையாளர். சினிமாவில் நடிக்கப் போனதால் நடிகர் சங்கத்தில் சேர்ந்தவர்; சங்கம் இருந்தால் வைத்திய உதவியும் ஓய்வூதியமும் எப்படி வரும் என்று கண்டவர். அவர் சக பயில்வான்களைக் கூட்டிச் சொன்னார்: இப்போது பெரிய ஆட்டம் வருகிறது, விளம்பரம் எல்லாம் செய்தாகிவிட்டது, நாம் கோதாவில் ஏற மறுத்தால் முதலாளி இறங்கி வந்தே தீருவார், சங்கம் அமைப்போம்.

எவ்வளவு சரியான யோசனை! அறுவடைக் காலத்தில் அரிவாளைக் கீழே வைப்பது போல. ஆனால் சங்கம் பிறக்கவில்லை. சேதி முதலாளி காதுக்கு உடனே போயிற்று. மக்மான் வென்சுராவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். காட்டிக்கொடுத்தது யார்? பல வருஷம் கழித்து, பட ஒளிநாடா ராயல்டிக்காக வென்சுரா கம்பெனிமேல் வழக்குப் போட்டார். அந்த வழக்கின் விசாரணையில்தான் அது ஹல்க் ஹோகன் என்று தனக்குத் தெரியவந்ததாக வென்சுரா சொல்லியிருக்கிறார். கம்பெனியில் மற்ற எவரையும்விட அதிகம் சம்பாதித்த நட்சத்திரம் ஹோகன்! வென்சுரா அந்த வழக்கில் 8 லட்சம் டாலருக்கும் மேல் வென்றார். பின்னர் 1999 முதல் 2003 வரை மின்னசோட்டா மாகாண கவர்னராகவும் இருந்தார். ஆனால், பயில்வான்களுக்குச் சங்கம் இன்றுவரை இல்லை.

நட்சத்திர முறை என்பது கூலி வித்தியாசம் மட்டுமல்ல. அது ஒற்றுமையைப் பிளக்கும் ஆப்பு. ஒருவனைத் தூக்கி உச்சியில் வைத்து, "நீயும் நாளை அங்கே போகலாம்" என்று மற்ற நூறு பேரிடம் சொல்லுவது. யார் ஜெயிப்பது என்பதே முதலாளியின் பேனாவில் இருக்கும்போது, முரண்டு பிடிப்பவனை ஒரே வாரத்தில் தோற்கடித்துப் பெயரைக் கெடுத்துவிடலாம். ஆலையில் மேஸ்திரிக்கு இருக்கும் அதிகாரத்தைவிட இது பெரிது.

'சுயேச்சைக் கண்டிராக்டர்' என்னும் மாயம்

சங்கம் வராமலிருக்க இன்னொரு கோட்டையும் கட்டினார்கள். பயில்வான் தொழிலாளியே அல்லவாம். அவன் 'சுயேச்சைக் கண்டிராக்டராம்'. அதாவது, தனியாகக் கடை வைத்திருக்கும் வியாபாரியாம்!

என்ன வியாபாரி இவன்? எந்த ஊரில், எந்த நாளில் ஆடுவது என்பதைக் கம்பெனி சொல்லும். என்ன பெயர், என்ன உடை, என்ன பேச்சு, யாரிடம் தோற்பது என்பதைக் கம்பெனி சொல்லும். அவன் தாங்கும் வேஷத்தின் பெயர் கம்பெனியின் சொத்து. வேலையை விட்டால் அந்தப் பெயரோடு வெளியே போக முடியாது. இன்னொரு கம்பெனியில் ஆட ஒப்பந்தம் அனுமதிக்காது. இவ்வளவு கட்டியும் 'சுயேச்சை' என்கிறார்கள்!

எதில் சுயேச்சை தெரியுமா? நஷ்டத்தில்! கோதாவில் பட்ட காயத்துக்கு வைத்தியம் செய்து தருவதாகக் கம்பெனி சொல்கிறது. ஆனால் மற்றவர்களுக்குத் தரும் சுகாதார இன்ஷூரன்ஸ் பயில்வானுக்குக் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, வேலையில்லாக் கால உதவியும் கிடையாது. வாடகைக் கார், ஓட்டல் அறைச் செலவுகளும் வெகுகாலம் அவன் தலையிலேயே விழுந்தன. அந்த நாட்டுச் சட்டப்படி கூட்டுப் பேரம் பேசும் உரிமை தொழிலாளிக்கே உண்டு, 'கண்டிராக்டருக்கு' இல்லை. ஒரே ஒரு சொல்லால் எத்தனை கதவுகளைச் சாத்திவிட்டார்கள், பாருங்கள்! 2008-ல் மூன்று பயில்வான்கள் இந்தப் பெயரை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். "காலம் கடந்து வந்தீர்கள்" என்று கோர்ட் தள்ளிவிட்டது. பயில்வான் தொழிலாளியா இல்லையா என்ற கேள்வி அப்படியே நின்றது.

2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், புளோரிடா மாகாண அதிகாரிகள் டெலிவிஷனுக்காக நடக்கும் குஸ்தியை 'அத்தியாவசியத் தொழில்' என்று அறிவித்தார்கள். காலி மண்டபத்தில் ஆட்டம் நடந்தது. தொழில் அத்தியாவசியம், தொழிலாளி? அதே மாதம் 15-ஆம் தேதி கம்பெனி பல பயில்வான்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு கம்பெனியின் லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது! அதே ஆண்டு, பயில்வான்கள் இணையத்தில் சொந்தமாக நிகழ்ச்சி நடத்திச் சம்பாதிக்கக் கூடாது என்றும் உத்தரவு பிறந்தது. நவம்பர் 13 அன்று செலினா வேகா என்ற பெண் பயில்வான், தொழிற்சங்கம் அமைப்பதை ஆதரிக்கிறேன் என்று ஒரு வரி எழுதினார். சில நிமிஷங்களில் அவர் நீக்கப்பட்ட சேதியைக் கம்பெனி வெளியிட்டது. அவரை நீக்கும் முடிவு முன்பே எடுத்ததோ, பின்பு எடுத்ததோ. மற்றவர்களுக்குப் பாடம் புரிந்திருக்கும்.

உடம்பு கொடுத்த கணக்கு

சண்டை பொய்யாக இருக்கலாம், விழுவது பொய்யல்ல. பலகைமேல் மெல்லிய மெத்தை. அதில் வாரத்தில் பல இரவு முதுகடித்து விழுகிறான். வலி தெரியாமலிருக்க மாத்திரை; உடம்பு பெரிதாகத் தெரிய ஊக்க மருந்து. 1991-ல், பென்சில்வேனியா விளையாட்டுக் கமிஷன் நியமித்த டாக்டரே பயில்வான்களுக்கு ஊக்க மருந்து விற்றதற்காகத் தண்டனை பெற்றார். வின்ஸ் மக்மான்மேலும் வழக்கு வந்தது; 1994-ல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். ஆனால் பெரிய உடம்புக்கே பெரிய இடம் என்ற தொழிலின் விதியை எந்த ஜூரி விசாரித்தது?

பிரையன் பில்மேன், 1997-ல், வயது 35. ரிக் ரூட், 1999-ல், வயது 40. டேவி பாய் ஸ்மித், 2002-ல், வயது 39. எடி குரெரோ, 2005-ல், வயது 38. இப்படி நீளுகிறது இறந்தவர் வரிசை. 2007-ல் கிறிஸ் பென்வா என்ற பயில்வான் மனைவியையும் சிறு மகனையும் கொன்று தானும் மாண்டார். அவருடைய மூளையைப் பரிசோதித்த டாக்டர்கள், ஓயாத அடியால் அது கடுமையாகச் சிதைந்திருந்தது என்று கண்டார்கள். தலையில் பட்ட அடிகளுக்காகப் பல முன்னாள் பயில்வான்கள் போட்ட வழக்குகள் 2018-ல் தள்ளுபடியாயின.

1999 மே 23-ஆம் தேதியை மறக்க முடியாது. கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்ற பயில்வானை, வேடிக்கைக்காக, மண்டபத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். கொக்கி விட்டுப்போயிற்று. 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து கோதாவில் விழுந்தார், மாண்டார். பார்வையாளர் பணம் கட்டியிருந்தார்கள். உடலை எடுத்துப் போனார்கள். ஆட்டம் தொடர்ந்து நடந்தது! குடும்பம் வழக்குப் போட்டு 1 கோடியே 80 லட்சம் டாலர் நஷ்டஈடு பெற்றது. அவர் மாண்ட அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனியின் பங்குகள், ஒன்று 17 டாலர் என்ற விலையில், பங்குச் சந்தைக்கு வந்தன.

லாபத்துக்கு எல்லை ஏது?

பங்குச் சந்தைக்கு வந்த மூலதனத்துக்கு ஊர்க் கொட்டகை போதுமா? 2018-ல் சவூதி அரேபிய சர்க்காரோடு பத்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். உலகமே திடுக்கிட்டது. நவம்பர் 2-ல் ரியாத்தில் குஸ்தி குறித்தபடியே நடந்தது!

2022-ல், பெண்களின் வாயை மூடப் பணம் கொடுத்ததாக எழுந்த விசாரணையால் வின்ஸ் மக்மான் ஒதுங்கினார். 2023 ஜனவரியில், கையிலிருந்த வோட்டுப் பலத்தால் திரும்பி வந்து கம்பெனியை விலை பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில், 930 கோடி டாலர் மதிப்பில், கலப்புச் சண்டைக் கம்பெனி ஒன்றோடு இணைத்து டி.கே.ஓ. என்ற பெரும் ஸ்தாபனம் உண்டாயிற்று. எண்டெவர் கம்பெனிக்கு அதில் 51 சதவிகிதம். சில நாட்களுக்குள் ஆபீஸ் ஊழியர்களும் பயில்வான்களும் நீக்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கையடுத்து மக்மான் விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். 2025 ஜனவரியிலிருந்து திங்கட்கிழமைக் குஸ்தி நெட்பிளிக்ஸில் ஓடுகிறது. பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கும் மேல். கம்பெனியை நடத்திய லிண்டா மக்மான் 2025 மார்ச்சில் அமெரிக்க சர்க்காரின் கல்வி மந்திரியானார். 1948-ல் ஓட்டல் அறையில் நாட்டைப் பங்கு போட்டவர்களின் வாரிசுகள் மந்திரி சபைக்கே போய்விட்டார்கள்!

"பயில்வான்கள் கோடீசுவரர்கள் ஆயிற்றே! அவர்களுக்கு ஏன் அனுதாபம்?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். சிலர் கோடீசுவரர்கள்தாம். உச்சியில் உள்ளவனின் வருமானத்தைக் காட்டி, அடியில் உள்ளவனின் கூலியை மறைப்பது பழைய தந்திரம். சினிமாவில் கதாநாயகன் பங்களா கட்டினான் என்பதால் லைட் தூக்குகிறவனுக்குச் சங்கம் வேண்டாமா? "விரும்பித்தானே வந்தார்கள்?" என்றும் கேட்பார்கள். சுரங்கத்துக்குள்ளும் தொழிலாளி தானே இறங்கினான். வேறு வாசல் இல்லாத வீட்டில் ஒரே வாசல் வழியாக வருவதற்குப் பெயர் விருப்பமா?

நம்பிக்கைக்கு இடமில்லையா? உண்டு. டி.கே.ஓ.வின் இன்னொரு கையான கலப்புச் சண்டைக் கம்பெனியின் வீரர்கள், ஏகபோகத்தால் எங்கள் கூலியை அமுக்கினார்கள் என்று 2014-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருஷம் விடாமல் நின்றார்கள். முதலில் பேசிய சமரசத் தொகை போதாது என்று 2024-ல் நீதிபதியே நிராகரித்தார். கடைசியில் 37 கோடியே 50 லட்சம் டாலர் தர ஒப்பந்தமாகி, 2025-ல் அங்கீகாரமும் கிடைத்தது. இவர்களும் 'சுயேச்சைக் கண்டிராக்டர்கள்'தாம்! ஒருவர் ஒருவராக நின்றபோது கிடைக்காதது, சேர்ந்து நின்றபோது கிடைத்தது. இதுவும் நஷ்டஈடே, சங்கமல்ல. ஆனால் வழி தெரிகிறது.

இந்தக் கதை தூரதேசத்துக் கோதாவோடு முடிவதல்ல. இன்று நம் தெருவில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு ஓடும் இளைஞனைக் கம்பெனி தொழிலாளி என்று சொல்வதில்லை, 'பார்ட்னர்' என்கிறது. நேரத்தையும் கூலியையும் தண்டனையையும் கம்பெனி நிர்ணயிக்கிறது. விபத்து மட்டும் அவனுக்குச் சொந்தம். 'சுயேச்சைக் கண்டிராக்டர்' என்று பயில்வானுக்குச் சூட்டிய அதே பட்டத்தின் தமிழ்நாட்டுப் பதிப்பு இது.

ஆகவே, அடுத்த தடவை வீட்டில் பேரன் குஸ்தி பார்க்கும்போது, "இது நிஜமா, பொய்யா?" என்று வாதாட வேண்டாம். "இவனுக்குக் கால் முறிந்தால் யார் சோறு போடுவார்கள்?" என்று கேளுங்கள். அதற்கு விடை தேடத் தொடங்கிய பிள்ளை வெகு சீக்கிரத்தில் மற்ற விஷயங்களையும் புரிந்துகொள்வான்.